புள்ளிவிபரவியலில் உயர்பட்ட ஆராய்ச்சி

எண்களைத் திரட்டி, நிரல்படுத்தி, அட்டவணையாக்கி வைத்தலே புள்ளிவிபரவியல் எனக் கருதுவோர் இன்றும் பலர். குடிசன மதிப்பு, விளைச்சற் கணக்கு, பிறப்பிறப்புப் பதிவு முதலியவற்றைத் தொகுக்குந் தொழில் மிகப் பழையது. இறை தண்டுதற்கும் படை திரட்டுதற்கும் அரசுகள் அதனை நாடின. ஆயினும் பல்கலைக்கழகங்களில் உயர்பட்டத்துக்குரிய ஆராய்ச்சித் துறையாகப் புள்ளிவிபரவியல் இடம்பெற்றது இக்கணக்குத் தொழிலின் பொருட்டன்று. சிலவற்றைக் கண்டு பலவற்றைப் பற்றி ஒரு முடிவு கூறும்போது நேரக்கூடிய பிழை எவ்வளவு என்பதை அளந்தறிய முடியுமா என்னும் வினாவே இத்துறைக்கு உயிராய் உள்ளது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. அந்த ஒரு சோற்றை எங்கிருந்து எடுப்பது? மேலே கிடந்த சோறு அடியிற் கிடப்பதற்குச் சான்றாகுமா? ஒன்றுக்குப் பதிலாகப் பத்தை எடுத்தால் ஐயம் எவ்வளவு குறையும்? இவ்வாறு வினவத் தொடங்கும்போதே புள்ளிவிபரவியல் தொடங்கிவிடுகின்றது. இவ்வினாக்களுக்கு விடை காணும் முறைகளை ஆக்குதலும், ஆக்கப்பட்ட முறைகளின் வலியையும் வழுவையும் சோதித்தலும், அவற்றைப் பிற துறைகளிற் பிரயோகித்தலும் இத்துறையில் உயர்பட்டம் நாடும் மாணவரின் பணியாகும். அப்பணி எவ்வாறு உருப்பெற்றது என்பதை அத்துறையின் வரலாற்றிலிருந்தே தெளிவாக அறியலாம்.

இலண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரியில் 1911ஆம் ஆண்டில் காள் பியேர்சன் என்பார் பிரயோகப் புள்ளிவிபரவியற் பகுதியை நிறுவினார். உலகிற் பல்கலைக்கழகம் ஒன்றில் அமைந்த முதலாவது புள்ளிவிபரவியற் பகுதி இதுவேயெனக் கொள்வர். அதற்கு முன்னரே, 1900ஆம் ஆண்டில், கண்ட எண்கள் எதிர்பார்த்த எண்களோடு எந்தளவு பொருந்துகின்றன என்பதை அளக்கும் கைவர்க்கச் சோதனையைப் பியேர்சன் வெளியிட்டிருந்தார். 1901ஆம் ஆண்டிலே ‘பயோமெற்றிக்கா’ என்னும் ஆராய்ச்சி ஏடும் தோன்றியது. உயிரினங்களின் உயரம், நிறை, உறுப்பளவு ஆகியவற்றைப் பல்லாயிரக்கணக்கில் அளந்து, அவற்றின் பரம்பலை ஆராய்தலே பியேர்சனுடைய ஆய்வுகூடத்தின் பெரும்பணியாய் இருந்தது. அவருடைய முறைகள் பெருந்தொகையான அளவீடுகளையே வேண்டி நின்றன. அளவீடுகள் சிலவாயின் என்செய்வது என்னும் வினாவை எழுப்பியவர் ஆய்வுகூடத்துக்கு வெளியிலிருந்து வந்தார்.

அவர் வில்லியம் சீலி கோசெற். ஒக்ஸ்போட்டிலே கணிதமும் இரசாயனமும் பயின்று, 1899ஆம் ஆண்டில் டப்ளின் நகரிலுள்ள கினஸ் நிறுவனத்தின் பியர் ஆலையிற் சேர்ந்தவர். பார்லியின் எந்த வகை சிறந்தது, எந்த வயலில் அது நன்கு விளையும் என்பன போன்ற வினாக்கள் அவர்முன் நின்றன. ஒவ்வொரு பரிசோதனைக்கும் காலமும் செலவும் மிகுதியாகையால் நான்கைந்து அளவீடுகளுக்கு மேற் பெறுதல் அரிது. 1906 - 1907 ஆண்டுகளில் நிறுவனத்தின் அனுமதியோடு அவர் இலண்டனுக்குச் சென்று பியேர்சனுடைய ஆய்வுகூடத்திற் பயின்றார். பட்டம் பெறுதல் அவர் நோக்கமன்று. தொழிலில் எழுந்த வினா ஒன்றுக்கு விடை காண்பதே நோக்கம்.

அவருடைய இடர்ப்பாட்டை எளிதில் விளக்கலாம். பல அளவீடுகளின் இடையை எடுத்து, உண்மைப் பெறுமானம் அதிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் எனக் கூறுதற்குச் செவ்வன் பரம்பலின் அட்டவணை பயன்பட்டது. இடையின் இருபுறமும் நியமவழுவின் 1.96 மடங்கு தூரம் எடுத்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை உண்மைப் பெறுமானம் அதனுள் அடங்கும் என்பது விதி. ஆயின் அந்த நியமவழுவும் அதே அளவீடுகளிலிருந்தே மதிப்பிடப்படுகின்றது. அளவீடுகள் ஆயிரமாயின் இம்மதிப்பீடு உறுதியானது. அவை நான்கேயாயின் அதுவே தளம்புகின்றது. தளம்பும் முழக்கோலைக் கொண்டு அளப்பவன் தன் அளவில் வைக்கும் நம்பிக்கை பொய்த்துவிடும் அன்றோ? நான்கு அளவீடுகளுக்கு 1.96 என்னும் எண்ணைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு ஐந்து முறை தவறுவதாக எண்ணிக்கொண்டு உண்மையில் நூற்றுக்குப் பதினான்கு முறைக்கு மேல் தவறுவர். அவர் கொள்ளவேண்டிய எண் 3.18 ஆகும்.

கோசெற் இதனைக் கணிதத்தால் ஊகித்ததோடு அமையாது கையாலும் சோதித்தார். மூவாயிரம் சிறைக்கைதிகளின் உயரமும் இடக்கை நடுவிரலின் நீளமும் முன்பே ‘பயோமெற்றிக்கா’வில் வெளிவந்திருந்தன. அவற்றை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்கு கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 சிறு மாதிரிகளைப் பெற்றார். ஒவ்வொரு மாதிரியின் இடையையும் நியமவிலகலையும் கணித்து, அவற்றின் பரம்பல் தாம் ஊகித்த வடிவோடு பொருந்துவதைக் கண்டார். 1908ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரை ‘மாணவன்’ எனப் பொருள்படும் ‘ஸ்ரூடன்ற்’ என்னும் புனைபெயரில் வெளிவந்தது. ஊழியர் தம் சொந்தப் பெயரில் ஆராய்ச்சி வெளியிடுதலை நிறுவனம் அனுமதியாமையே இப்புனைபெயருக்குக் காரணம். இன்று உலகெங்கும் மாணவர் கற்கும் ரீ-சோதனை இக்கட்டுரையின் வழித்தோன்றலாகும்.

இவ்வரலாற்றிலே உயர்பட்ட ஆராய்ச்சியின் மூன்று உறுப்புக்களும் அமைந்திருத்தலைக் காணலாம். நடைமுறையில் எழுந்த, விடை காணப்படாத வினா ஒன்று உள்ளது. அவ்வினாவைக் கணித வடிவிலே தெளிவாக நிறுத்தும் முயற்சி உள்ளது. பெற்ற விடை மெய்யா என்பதைத் தானே சோதித்துப் பார்க்கும் நேர்மையும் உள்ளது. கோசெற்றின் நிறுவலிற் குறைகள் இருந்தன. அவற்றை நிறைவுசெய்தவர் றொனால்ட் பிஷர் என்னும் இளைஞர். பல பரிமாண வெளியின் கேத்திரகணிதத்தைக் கொண்டு அவர் அதே பரம்பலைக் கண்டிப்பாக நிறுவினார்.

பிஷர் 1919ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். 1843ஆம் ஆண்டு தொட்டு அங்கே பசளைப் பரிசோதனைகள் நடைபெற்று வந்தன. அவற்றின் பதிவேடுகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஆராய்ந்த பிஷர், பரிசோதனை முடிந்தபின் எண்களைக் கொண்டுவந்து கொடுத்து விடை கேட்பதிலும், பரிசோதனை தொடங்குமுன் அதனை எவ்வாறு அமைப்பது எனக் கேட்பதே அறிவுடைமை என்பதை உணர்ந்தார். ஒரு வயலின் ஒரு பகுதி வளமானது; மற்றப் பகுதி வறியது. வளமான பகுதியிற் புதிய பசளையையிட்டு, வறிய பகுதியைப் பழைய முறையில் விட்டால், விளைச்சலின் வேறுபாடு பசளையாலா மண்ணாலா என்பது ஒருபோதும் வெளிப்படாது. ஆகவே ஒவ்வொரு முறையையும் பலமுறை மீளச் செய்தல் வேண்டும். வயலை ஒத்த தன்மையுடைய தொகுதிகளாக வகுத்தல் வேண்டும். எந்தத் துண்டுக்கு எந்த முறை என்பதை எவருடைய விருப்புக்கும் விடாது எழுமாற்றாகத் தெரிதல் வேண்டும். இம்மூன்று கொள்கைகளும் 1935ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பரிசோதனை அமைப்புப் பற்றிய நூலில் விரிவாக விளக்கப்பட்டுள்ளன.

அந்நூலின் தொடக்கத்தில் வரும் தேநீர் எடுத்துக்காட்டு இலங்கையர்க்கு இனிது விளங்கும். பாலை முதலில் ஊற்றிய தேநீரையும், தேநீரின் மேற் பாலை ஊற்றியதையும் சுவையாலே வேறுபடுத்த முடியும் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள் வைக்கப்படுகின்றன. நான்கில் பால் முதலில், நான்கில் பின்னர். எழுமாற்று ஒழுங்கில் வைக்கப்பட்ட அவற்றுள் முதல்வகை நான்கையும் அவர் பிரித்தெடுத்தல் வேண்டும். எட்டில் நான்கைத் தெரியும் வழிகள் 70. ஆகவே சுவையறியாத ஒருவரும் குருட்டுவாய்ப்பால் நான்கையும் சரியாகக் கூறும் நிகழ்தகவு எழுபதில் ஒன்று. மூன்றைச் சரியாகவும் ஒன்றைப் பிழையாகவும் தெரியும் வழிகளோ 16. அதாவது நூற்றுக்கு இருபத்துமூன்று அளவில் அது வெறும் வாய்ப்பால் நேரலாம். எனவே ஒரே ஒரு தவறு நேரினும் அப்பெண்மணியின் கூற்றுக்கு இப்பரிசோதனை தக்க சான்றாகாது. எவ்வளவு சான்று போதும் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே தீர்மானித்தல் வேண்டும் என்னும் பாடம் இதனுள் அடங்கியுள்ளது.

இம்முறைகள் விரைவிலே இலங்கைக்கும் வந்து சேர்ந்தன. றொதாம்ஸ்ரெட்டில் பிஷருடன் இணைந்து 1927ஆம் ஆண்டில் பயிர் விளைச்சல் பற்றிய கட்டுரை எழுதிய ரி. ஈடன் என்பார் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். தேயிலை வயற்பரிசோதனைகளில் நேரும் வழுக்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோதுமை ஆண்டுக்கொரு முறை அறுக்கப்படும்; தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படும்; மலைச்சரிவின் மண்ணும் நீரும் அடிக்கு அடி மாறும். ஒரு நாட்டில் ஆக்கப்பட்ட முறை மற்றொரு நாட்டின் பயிருக்கு அப்படியே பொருந்துமா எனச் சோதித்தலும் ஆராய்ச்சியே என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

ஆசியாவிலே இத்துறையை ஊன்றி வளர்த்த பெருமை கல்கத்தாவைச் சாரும். கேம்பிரிட்ஜிற் பௌதிகம் பயின்று திரும்பிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ், பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்தில், 1931ஆம் ஆண்டிலே இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1933ஆம் ஆண்டிலே ‘சங்க்யா’ என்னும் ஆராய்ச்சி ஏடும் தொடங்கப்பெற்றது. 1941ஆம் ஆண்டிற் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளிவிபரவியலில் முதுமாணி வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவிலே இத்தகைய வகுப்பு இதுவே முதலாவதாகும்.

அவ்வகுப்பின் முதல் அணியிற் பயின்று 1943இல் முதுமாணிப் பட்டம் பெற்றவர் சி. ஆர். ராவ். ஆந்திரப் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்றுத் தேறியபின், தொழில் தேடிக் கல்கத்தாவுக்குச் சென்றவிடத்து இத்துறையின் அறிமுகத்தைப் பெற்றவர் அவர். பட்டம் பெற்றதும் அவ்வகுப்பிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஒருநாள் பெருமாதிரிகளில் மதிப்பீட்டின் செம்மைக்கு உள்ள எல்லை பற்றிப் பிஷர் கண்ட முடிபை அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பொழுது மாணவர் ஒருவர், மாதிரி சிறிதாயின் இத்தகைய எல்லை உண்டா என வினவினார். வினவியவர் பிற்காலத்திற் பொருளியலறிஞராகப் புகழ்பெற்ற வி. எம். தண்டேகர். ஆசிரியருக்கு அப்போது விடை தெரியாது. அன்றிரவு முழுவதும் முயன்று, மறுநாள் வகுப்பிலே விடையை நிறுவிக் காட்டினார். 1945ஆம் ஆண்டில் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் ஏட்டில் அது வெளிவந்தபோது ராவ் இருபத்தைந்து வயதை அண்மித்த இளைஞர். சுவீடன் நாட்டு அறிஞர் ஹறால்ட் கிரமேரும் இதனைத் தனித்து நிறுவி 1946ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டமையால், அது கிரமேர் - ராவ் எல்லை என இன்று வழங்குகின்றது.

அவ்வெல்லை கூறுவது யாதெனில், கைவசமுள்ள தரவுகள் தம்முட் கொண்டுள்ள செய்திக்கு ஓர் அளவுண்டு; ஒருபக்கம் சாயாத எந்த மதிப்பீட்டு முறையும், எவ்வளவு நுண்ணறிவோடு ஆக்கப்பட்டதாயினும், அவ்வளவு அனுமதிப்பதிலும் கூடிய செம்மையைத் தரமாட்டாது என்பதாம். செவ்வன் பரம்பலையுடைய அளவீடுகளுக்கு இடையை எடுத்தல் அவ்வெல்லையையே எட்டிவிடுகின்றது. அதனினும் சிறந்த சாயாத முறை தேடுவது வீண் முயற்சி. இடைக்குப் பதிலாக நடுப்பெறுமானத்தை எடுப்பாராயின், பெருமாதிரிகளில், நூறு அளவீடுகளால் இடை தரும் செம்மையைப் பெறுதற்கு ஏறத்தாழ 157 அளவீடுகள் வேண்டும். ஐம்பத்தேழு அளவீடுகளின் உழைப்பு முறைத்தெரிவால் வீணாகின்றது என்பது இதன் பொருள். ஆயின் அளவீடுகளிற் சில பெரும்பிழையுடையனவாயின் நடுப்பெறுமானமே நம்பத்தக்கதாகும். இவ்வாறு எந்த நிலைமையில் எந்த முறை தக்கது என ஆராய்தல் உயர்பட்ட மாணவர் பலர்க்கு இன்றும் ஆய்வுப்பொருளாய் உள்ளது.

இத்தகைய முடிபைக் கண்டபின்னரும் ராவ் கலாநிதிப் பட்டத்துக்குரிய மாணவராகவே 1946ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். சூடான் நாட்டின் ஜெபல் மோயா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய எலும்புக்கூடுகளை அளந்து, அவை எம்மக்களோடு உறவுடையன எனப் புள்ளிவிபர முறையால் ஆராயும் பணி அங்குள்ள தொல்லியல் நூதனசாலையில் அவருக்குக் கிடைத்தது. இரு மக்கட் கூட்டங்களின் உறுப்பளவுகள் எவ்வளவு தூரம் வேறுபட்டவை என்பதை ஒரே எண்ணால் அளக்கும் மகலனோபிஸின் ‘தூரம்’ 1936ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. அதுவே அவ்வாய்வுக்குக் கருவியாயிற்று. பிஷர் அவருக்கு மேற்பார்வையாளராக அமைந்தார். பகலில் நூதனசாலையில் எலும்புகளை அளந்தும், பிஷருடைய ஆய்வுகூடத்தில் எலிகளின் மரபுரிமையை ஆராய்ந்தும், உயிரினங்களைப் பாகுபடுத்தும் புள்ளிவிபர முறைகள் பற்றி ஆய்வேடெழுதி 1948ஆம் ஆண்டில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். மேலான கணிதம் வல்லவரும் எலும்பையும் எலியையும் தொட்டறிதல் வேண்டும் என்னும் மரபு இங்கே நோக்கத்தக்கது. 2023ஆம் ஆண்டில் புள்ளிவிபரவியலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்ற ராவ், அதே ஆண்டில் 102ஆம் வயதிற் காலமானார்.

கல்கத்தா நிறுவனத்துக்கு 1959ஆம் ஆண்டின் இந்திய நாடாளுமன்றச் சட்டம் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தது. அவ்வாண்டில் அங்கே சேர்ந்தவர்களுள் ஒருவர் சென்னையிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற எஸ். ஆர். சீனிவாச வரதன். தொழிற்றுறைத் தரக்கட்டுப்பாடு கற்கும் எண்ணத்தோடு சென்ற அவரை, அங்கிருந்த இளம் ஆராய்ச்சியாளர் கே. ஆர். பார்த்தசாரதி, வி. எஸ். வரதராஜன் முதலியோரின் கூட்டுறவு நிகழ்தகவுக் கொள்கையின்பால் ஈர்த்தது. ராவ் அவருக்கு மேற்பார்வையாளர். நிகழ்தகவுக்குக் கணித அடிப்படை வகுத்த இரசிய அறிஞர் கொல்மகோரவ் 1962இல் கல்கத்தாவுக்கு வந்திருந்தார். வரதனுடைய ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களுள் அவரும் ஒருவர். 1963ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று நியூயோர்க் சென்ற வரதன், மிக அரிதாய் நிகழும் பெருவிலகல்கள் பற்றிய கொள்கைக்காக 2007ஆம் ஆண்டில் ஏபெல் பரிசைப் பெற்றார். உடன்பயில்வோர் ஒருவரோடொருவர் வாதிட்டுக் கற்கும் சூழல் ஆராய்ச்சிக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவர் வரலாறு சான்று.

இன்று இத்துறையிற் கலாநிதிப் பட்டத்தை நாடும் மாணவர் கடக்கும் படிகள் நாட்டுக்கு நாடு சிறிது வேறுபடும். பிரித்தானிய முறையில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே உரியன. அமெரிக்க முறையில் ஏறத்தாழ முதலிரண்டு ஆண்டுகள் வகுப்புக்களுக்கும் தகுதிகாண் பரீட்சைக்கும் செல்ல, ஆய்வேடு பின்னரே தொடங்கும். ஆயினும் அடிப்படை ஒன்றே. முதலில் நிகழ்தகவு, அனுமானக் கொள்கை, தாயக் கணிதம், கணிப்பு முறை ஆகியவற்றிற் பயிற்சி. அடுத்து, தெரிந்த துறையில் இதுவரை வெளிவந்த கட்டுரைகளை வாசித்து, விடை காணப்படாத இடத்தை இனங்காணல். பின்னர் அவ்விடத்தில் ஒரு சிறிய, தெளிவான வினாவை நாட்டி அதற்கு விடை காணல். இறுதியில் ஆய்வேடெழுதி, பல்கலைக்கழகத்துக்குப் புறம்பான பரிசோதகர் ஒருவரும் அடங்கிய குழுவின்முன் வாய்மொழிப் பரீட்சையில் அதனைக் காத்து நிற்றல். இவற்றுள் இரண்டாவது படியே பலர்க்கு மிகக் கடினமானது. பிறர் தந்த வினாவுக்கு விடையளித்துப் பழகியவர் தாமே ஒரு வினாவை ஆக்குதற்குப் பல மாதங்கள் தடுமாறுவர். அத்தடுமாற்றம் காலவிரயமன்று, ஆராய்ச்சிப் பயிற்சியின் நடுப்பகுதியே அது.

கணிப்பு முறைகள் வியத்தகு மாற்றம் அடைந்துள்ளன. யுனிவேர்சிற்றிக் கல்லூரியில் 1938ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் டேவிட், அதே ஆண்டில் வெளிவந்த தம் அட்டவணை நூலுக்கு வேண்டிய கணிப்புக்களைக் கைப்பிடி சுழற்றும் பொறிகொண்டு செய்தார். இன்று அவ்வேலையைக் கணினி சில கணங்களிற் செய்து முடிக்கும். நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் இருவர் 1990களில் ஆக்கிய ‘ஆர்’ என்னும் கணினிமொழி விலையின்றிக் கிடைத்தலால், செல்வமில்லாத பல்கலைக்கழக மாணவர்க்கும் அதே கருவி வாய்த்துள்ளது. கோசெற் அட்டைகளைக் கலைத்துச் செய்த சோதனையை இன்றைய மாணவர் கணினியில் இலட்சம் முறை செய்கின்றார். பிராட்லி எபிரன் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையோ இன்னும் ஒருபடி மேலே சென்று, கைவசமுள்ள மாதிரியிலிருந்தே மீண்டும் மீண்டும் மாதிரிகளை எடுத்து வழுவை அளக்கின்றது. கருவி மாறினும், தாம் கூறும் விடை எவ்வளவு நம்பத்தக்கது எனத் தாமே சோதிக்கும் கடமை மாறவில்லை.

இத்துறையின் பயன் உயிரையே தொடுவது என்பதற்கு 1948ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்ரெப்ரோமைசின் பரிசோதனை சான்றாகும். ஒஸ்ரின் பிராட்போட் ஹில் என்னும் புள்ளிவிபரவியலாளரின் அமைப்பின்படி, கசநோயாளர் எழுமாற்றாக இரு கூட்டமாக வகுக்கப்பட்டனர். மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேருள் ஆறு மாதத்தில் நால்வர் இறந்தனர். ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேருள் 14 பேர் இறந்தனர். நோய் கடுமையற்றவர்க்கே மருத்துவர் மருந்தைக் கொடுத்தார் என்னும் ஐயத்துக்கு எழுமாற்று வகுப்பு இடந்தரவில்லை. றொதாம்ஸ்ரெட் வயலின் பாடம் மருத்துவமனைக்குச் சென்ற வரலாறு இதுவாகும்.

எனினும் இக்கருவி தவறாகவும் பயன்படும் என்பதை ஆராய்ச்சி மாணவர் மறத்தலாகாது. நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்த நிகழ்தகவுடைய பெறுபேறு கிடைத்தால் அதனைப் பொருண்மையுடையதெனக் கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. ஒரு மாணவர் எவ்விதத் தொடர்பும் இல்லாத இருபது காரணங்களைத் தனித்தனியே சோதிப்பாராயின், அவற்றுள் ஒன்றாயினும் வெறும் வாய்ப்பால் பொருண்மையுடையதாய்த் தோன்றும் நிகழ்தகவு நூற்றுக்கு 64 ஆகும். மற்றப் பத்தொன்பதையும் மறைத்து அவ்வொன்றை மாத்திரம் வெளியிடின், எண்கள் யாவும் சரியாயிருப்பவும் கூற்று பொய்யாகிவிடும். இவ்வழக்கத்தின் கேட்டை உணர்ந்து அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் 2016ஆம் ஆண்டில் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அறிவியல் முடிபுகளை அவ்வொரு எண்ணின் எல்லைக்கோட்டை மட்டும் நோக்கித் தீர்மானித்தலாகாது என்றும், செய்த ஆய்வுகள் அனைத்தையும் மறையாது கூறல் வேண்டும் என்றும் அது எடுத்துரைத்தது.

கருவியை ஆக்கியோரே வழுவியதும் உண்டு. புகைபிடித்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஹில்லும் றிச்சட் டோலும் 1950ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அத்தொடர்பு காரண காரியத் தொடர்பாகாது என 1950களின் இறுதியிற் பிஷர் வாதிட்டார். புகையிலை உற்பத்தியாளர்க்கு ஆலோசகராகவும் இருந்தார். தொடர்பு வேறு, காரணம் வேறு என்னும் அவருடைய பொதுநெறி சரியானதே. ஆயினும் அடுத்தடுத்து வந்த சான்றுகள் அவர் பக்கம் நிற்கவில்லை. மேலும் பிரான்சிஸ் கால்ரன், பியேர்சன், பிஷர் ஆகிய மூவரும் மக்களை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பிரித்து இனவிருத்தியை நெறிப்படுத்த முயன்ற கொள்கையைச் சார்ந்து நின்றனர். யுனிவேர்சிற்றிக் கல்லூரி கால்ரன், பியேர்சன் என்போரின் பெயர்களைத் தன் கட்டடங்களிலிருந்து 2020ஆம் ஆண்டில் நீக்கியது இதன் பொருட்டே. அவர் கண்ட சூத்திரங்கள் நிலைத்து நிற்கின்றன. அவற்றைக் கொண்டு அவர் செய்த முடிபுகள் சில நிற்கவில்லை. நுண்மையான அளவுகோல் கையிலிருத்தல் மட்டும் நடுவுநிலைமையைத் தந்துவிடாது என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே புள்ளிவிபரவியலில் உயர்பட்டம் நாடுவோர்க்குக் கணிதத் திறமை முதன்மையானதாயினும் அதுவே போதியதன்று. ஆராயப்படும் பொருளை, அது பயிராயினும் நோயாயினும் பரீட்சைப் புள்ளியாயினும், அதன் இடத்திற் சென்று அறிதல் வேண்டும். தரவு எவ்வாறு திரட்டப்பட்டது, யாரால் எழுதப்பட்டது, எது விடுபட்டது என வினவுதல் வேண்டும். கண்டதைப் பிறர் விளங்குமாறு எழுதும் மொழித்திறன் வேண்டும். இவற்றிற்கான அடிப்படை பல்கலைக்கழகத்தில் இடப்படுவதன்று, பாடசாலையிலேயே இடப்படுவது. பௌதிக ஆய்வுகூடத்தில் ஊசலின் காலத்தை ஐந்து முறை அளக்கும் மாணவர், ஒத்துவராத ஓர் அளவை அழித்துவிடாது எழுதிவைத்து, அது ஏன் வேறுபட்டது எனச் சிந்திப்பாராயின், அவர் இத்துறையின் வாயிலில் நிற்கின்றார் எனலாம். அவ்வளவை அழிக்குமாறு கூறாத ஆசிரியரும் அவ்வாறே. விடை புத்தகத்தில் இல்லாத வினாவொன்றை வகுப்பிலே கேட்க ஒரு மாணவர் துணிந்ததும், அன்றிரவு உறங்காது அதனோடு முயல ஓர் ஆசிரியர் முன்வந்ததும் கல்கத்தாவில் நிகழ்ந்தன. அவற்றுக்கு வேண்டியிருந்தவை ஒரு கரும்பலகையும் இருவரின் ஊக்கமுமே. அவை எக்கல்லூரியிலும் உள.